சிறு விமானமா, பெரிய ஜெட்டா: குமரி மாவட்டத்து இளம் விமானிகள் முன்னுள்ள தேர்வு

வணிக விமானி உரிமமான சிபிஎல்லைப் பெற்ற பிறகுதான் ஒரு குடும்பத்தின் உண்மையான கணக்கு தொடங்குகிறது. அதுவரை எல்லோருடைய கவனமும் நாட்டின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் தேர்வுகளிலும், 200 மணி நேரப் பறத்தலை முடிப்பதிலும், அதற்கான பணத்தைத் திரட்டுவதிலும் இருக்கும். உரிமம் வந்ததும் கேள்வி மாறிவிடும்: எழுபது எண்பது பேர் அமரும், விசிறியால் இயங்கும் ஏடிஆர் விமானங்களை ஓட்டும் பிராந்தியச் சேவையில் சேர்வதா, ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 ஓட்டும் பெரிய நிறுவனத்தின் அழைப்புக்காகக் காத்திருப்பதா? நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்பிய பெற்றோர் பலர் இந்தக் கேள்வியோடு நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பகுதி வேறொரு நாட்டின் நிலவரத்தை வைத்துச் சொல்லப்படுவதால், இரண்டு வழிகளையும் நம் நாட்டு நடைமுறையோடும் நம் மாவட்டத்துக் குடும்பங்களின் நிலையோடும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

இஸ்ரோவுக்குத் தலைவர்களாகக் கே. சிவனையும் வி. நாராயணனையும் தந்த மாவட்டம் இது. வானத்தை நோக்கிய கனவு இங்கே புதிதன்று. ஆனால் பொறியியல் படித்து அரசு நிறுவனத்தில் சேரும் வழியில், நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கும் இடமிருக்கிறது. விமானியாகும் வழி அப்படிப்பட்டதன்று. உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்டிரிய உரான் அகாடமியிலேயே கட்டணம் 45 லட்சம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. தங்குமிடம், மருத்துவச் சோதனை, தேர்வுப் பயிற்சி, பிறகு ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் என எல்லாம் சேரும்போது, பெரிய நிறுவனங்கள் முன்கூட்டியே ஆளெடுத்துப் பயிற்சி தரும் கேடட் திட்டங்களில் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தொடுகிறது. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டமோ, தாத்தா காலத்துத் தென்னந்தோப்போ, குடியிருக்கும் வீடோ இந்தப் பணத்துக்கு ஈடாக நிற்கிறது. ஆகவே இங்கே ஒப்பிட வேண்டியது இரண்டு வேலைகளை மட்டுமன்று, இரண்டு கடன் அட்டவணைகளையும்தான்.

முதலில் அமெரிக்க நிலவரத்தைப் பிரித்து வைத்துவிட வேண்டும். "முதலில் சிறிய நிறுவனம், பிறகு பெரிய நிறுவனம்" என்று அங்குள்ள உறவினர்கள் சொல்வது அவர்கள் நாட்டில் முழுக்கச் சரியான வழி. அங்கே ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய் போன்ற பிராந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகிய பெரிய நிறுவனங்களின் வண்ணமும் பெயரும் பூசிய விமானங்களை ஒப்பந்த அடிப்படையில் இயக்குகின்றன. பெரிய நிறுவன விமானிகளின் சங்க ஒப்பந்தங்கள், 76 இருக்கைக்கு மேற்பட்ட விமானங்களை இப்படி வெளியே கொடுக்க விடுவதில்லை. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்ததையடுத்து, 2010-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் விளைவாக 2013 முதல், சில விலக்குகளைத் தவிர்த்து, துணை விமானியாகச் சேர்வதற்கே 1500 மணி நேர அனுபவம் தேவை என்றாயிற்று. எனவே அங்கே உரிமம் பெற்ற இளைஞர் பயிற்றுநராக வேலை பார்த்து 1500 மணியைச் சேர்த்து, பிராந்திய நிறுவனத்தில் நுழைந்து, அங்கிருந்து பெரிய நிறுவனத்துக்குப் போகிறார். என்வாய், பீட்மாண்ட், பிஎஸ்ஏ ஆகிய மூன்றும் அமெரிக்கன் நிறுவனத்துக்கே சொந்தம் என்பதால், அங்கிருந்து மேலே செல்ல வரிசை முறையே உண்டு. ஒரு காலத்தில் வறுமைச் சம்பளம் என்று பேசப்பட்ட பிராந்திய ஊதியத்தை, விமானிப் பற்றாக்குறையால் இந்த மூன்று நிறுவனங்களும் 2022-ல் பெரிய அளவில் உயர்த்தின. அங்கே சேர்ந்த தேதிதான் ஒருவருடைய தளம், விமான வகை, விடுமுறை, கேப்டன் பதவி அனைத்தையும் தீர்மானிக்கிறது. நிறுவனம் மாறினால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும் என்பதால், பெரிய நிறுவனத்துக்குள் ஓராண்டு முன்னதாக நுழைவதுகூட வாழ்நாள் முழுவதும் பலன் தரும்.

இந்தியாவில் இந்த ஏணி இல்லை. இங்கே 1500 மணி நேரம் என்பது கேப்டன் ஆவதற்குத் தேவையான ஏடிபிஎல் உரிமத்துக்கான நிபந்தனையே தவிர, துணை விமானியாகச் சேர்வதற்கானதன்று. 200 மணி நேர அனுபவமும் டைப் ரேட்டிங்கும் உள்ள இருபத்தோரு வயதுப் பெண் நேராக ஏ320-ன் துணை விமானிக்குரிய வலப்பக்க இருக்கையில் அமரலாம், அமர்ந்துகொண்டும் இருக்கிறார்கள். அதனால் பிராந்தியச் சேவை என்பது நம் நாட்டில் கடந்தே ஆக வேண்டிய படியன்று, பக்கத்தில் இருக்கும் இன்னொரு வாசல். அந்த வாசலைத் தேர்ந்தெடுக்க அதற்குரிய காரணங்கள் இருக்க வேண்டும். "எப்படியும் பிறகு மேலே போய்விடலாம்" என்ற நம்பிக்கை மட்டும் போதாது. அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை இல்லாதவரை அங்குள்ள பிராந்திய நிறுவனங்கள் எடுப்பதும் அரிது என்பதால், அந்த வழி நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தகவலாக மட்டுமே பயன்படும்.

இங்கே பிராந்தியச் சேவை என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு வகைகள் ஒரே பெயரில் கலந்துவிடுகின்றன. ஒன்று, பிராந்திய வழித்தடங்களையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள்: ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் போனபோது அரசிடமே தங்கிவிட்ட அலையன்ஸ் ஏர், எம்ப்ரேயர் விமானங்களை ஓட்டும் ஸ்டார் ஏர், 2024 மார்ச்சில் கோவாவைத் தளமாகக் கொண்டு தொடங்கிய ஃப்ளை91. மற்றொன்று, பெரிய நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் சிறு விமானப் பிரிவு: ஏ320 வகை விமானங்களை நூற்றுக்கணக்கில் வைத்திருக்கும் இண்டிகோ, 2017 டிசம்பர் முதல் ஏடிஆர் 72 விமானங்களையும் இயக்குகிறது. தூத்துக்குடி வாகைக்குளத்திலும் சேலத்திலும் நாம் பார்க்கும் இண்டிகோ ஏடிஆர் அந்தப் பிரிவைச் சேர்ந்தது. ஓட்டும் விமானம் ஒன்றே என்றாலும், ஏடிஆர் விமானியாக இண்டிகோவில் இருப்பதும் ஒரு சிறு நிறுவனத்தில் இருப்பதும் தொழில் எதிர்காலத்தில் முற்றிலும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எடுக்கும் முடிவுகளே பின்னாளில் அதிகம் வருத்துகின்றன என்பது என் கருத்து.

இப்போது கடன் கணக்குக்கு வருவோம். கல்விக் கடனில் ஈடின்றிக் கிடைப்பது பொதுவாக 7.5 லட்சம் வரைதான். மீதிக்குப் பத்திரத்தை வைத்தே ஆக வேண்டும். 60 லட்சம் ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 10.5 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், அசலில் ஒரு ரூபாயும் குறையாமல் வட்டி மட்டுமே மாதம் 52,500 ரூபாய் ஆகிறது. பத்தாண்டில் அடைப்பதாக இருந்தால் மாதத் தவணை ஏறத்தாழ 81,000 ரூபாய். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். பெரிய ஜெட் வாய்ப்புக்காக ஒன்றரை ஆண்டு காத்திருந்தால் வட்டியாக மட்டும் 9.45 லட்சம் ரூபாய் சேர்கிறது. அந்தக் காலத்தில் ஏடிஆரில் கிடைத்திருக்கக்கூடிய சம்பளமும், அதைவிட மதிப்புள்ள பறத்தல் மணிகளும் போய்விடுகின்றன. போதாததற்கு, உரிமத்தோடு காத்திருப்போர் கூட்டம் ஆண்டுதோறும் பெருகுகிறது. 2023-ல் மட்டும் டிஜிசிஏ 1,622 சிபிஎல்களை வழங்கியது. பறக்காமல் இருப்பவரின் கைத்திறன் மங்குகிறது, நேர்முகத் தேர்வில் "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்" என்ற கேள்வியும் கனமாகிறது.

எதிர்ப்பக்கத்தில், வேலை உறுதியாகும் முன்பே சொந்தப் பணத்தில் ஏ320 டைப் ரேட்டிங் செய்து வைத்துக்கொள்வது என்ற வழியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். பதினைந்து இருபது லட்சத்தை மேலும் கடனாக ஏற்றிவிட்டு வேலைக்குக் காத்திருப்பது, என் பார்வையில், இருக்கும் வழிகளிலேயே மிக மோசமானது. டைப் ரேட்டிங்கைக் குறித்த காலத்துக்குள் சோதனைப் பறத்தலால் புதுப்பிக்காவிட்டால் அது நடப்பில் இல்லாததாகிவிடும், புதுப்பிக்க மறுபடி சிமுலேட்டர் செலவு. நிறுவனமே பயிற்சி கொடுத்துப் பாண்டு எழுதி வாங்கும் முறையில் ஒருவர் சில ஆண்டுகள் கட்டுப்பட்டிருப்பார் என்றாலும், அந்தக் கட்டு வேலையோடு சேர்ந்து வருகிறது.

சம்பளத்தில் பெரிய ஜெட் முந்துகிறது என்பதில் ஐயமில்லை. தொடக்கத்தில் வேறுபாடு சிறிதாக இருக்கும். புதிய துணை விமானிக்கு இரு பக்கமும் ஒரு லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் இடைப்பட்ட தொகையே பெரும்பாலும் பேசப்படுகிறது. கேப்டன் நிலையில்தான் இடைவெளி விரிகிறது: ஏ320 கேப்டன் மாதம் ஐந்து லட்சத்துக்கு மேல் வாங்குவது வழக்கம், ஏடிஆர் கேப்டன் அதற்குக் கீழே நிற்பார், நெடுந்தூரம் பறக்கும் அகன்ற உடல் விமானங்களை ஓட்டும் கேப்டன் இருவரையும் தாண்டிவிடுவார். ஆனால் ஒருவருடைய வாழ்நாள் வருமானத்தைப் பதவியின் பெயரை வைத்து மட்டும் கணக்கிட முடியாது, அந்தப் பதவி எந்த வயதில் வருகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 750 மணி நேரம் பறந்தால், 200 மணியோடு தொடங்கியவர் இரண்டே ஆண்டில் 1500-ஐத் தாண்டி ஏடிபிஎல்லுக்கான மணிக்கணக்கை எட்டிவிடுவார். அதற்கு மேல் நிறுவனம் தன் விதிப்படி கேட்கும் கூடுதல் மணிநேரமும், காலியாகும் இடங்களும்தான் தடை. சிறு விமானப் பிரிவில் விரிவாக்கம் நடக்கும்போது அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் குறைவு. ஜெட் பக்கத்தில் வரிசை நீளம், ஆனால் அது நகரும் வேகமும் அதிகம்: 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களையும் இண்டிகோ 500 விமானங்களையும் வாங்க ஒப்பந்தம் செய்தன, அவை வந்து சேரச் சேரக் கேப்டன்கள் தேவைப்படுவார்கள்.

விமானம் ஓட்டும் கலையைப் பொறுத்தவரை, ஏடிஆர் விமானிக்குக் கிடைக்கும் பயிற்சி மிக உயர்ந்தது என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை பல ஆண்டுகளாக ஏறத்தாழ 1350 மீட்டர்தான் இருந்தது; அதனால்தான் சென்னையிலிருந்து அங்கே ஏடிஆரும், அதற்கு முன் ஸ்பைஸ்ஜெட்டின் கியூ400 என்ற விசிறி விமானமும் மட்டுமே வந்துபோயின. 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டபோது ஓடுபாதை 3115 மீட்டராகியிருந்தது. இலட்சத்தீவின் அகத்தி இன்னும் கடினமானது: இருபுறமும் கடல், நடுவே சுமார் 1200 மீட்டர் ஓடுபாதை, அங்கே பெரிய ஜெட் இறங்கவே முடியாது. ஏடிஆரில் வேகத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ த்ராட்டில் கிடையாது, விசையை விமானியின் கைதான் கூட்டிக் குறைக்க வேண்டும். புறப்படும்போது ஒரு எஞ்சின் நின்றுபோனால், செயலிழந்த பக்கத்து விசிறியின் இழுவையால் மூக்கு ஒரு பக்கம் திரும்பும், அதைக் காலால் சுக்கான் மிதியை அழுத்திப் பிடித்தாக வேண்டும். 25,000 அடிக்கு மேல் இந்த விமானம் ஏற முடியாது என்பதால், ஏ320 முப்பத்தைந்தாயிரம் அடியில் மேலிருந்து பார்த்து விலகிச் செல்லும் பல மேகங்களுக்கு நடுவே ஏடிஆர் வழி தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தவருக்கு அது எப்படிப்பட்ட மேகம் என்று விளக்கத் தேவையில்லை.

ஒரு நாளில் நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்குவது ஏடிஆரில் இயல்பான வேலை. அகன்ற உடல் விமானத்தில் அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ பறக்கும் துணை விமானிக்கு ஒரு மாதத்தில் சொந்தக் கையால் இறக்க இரண்டு மூன்று வாய்ப்புகளே கிடைக்கும். 90 நாளில் மூன்று ஏற்றமும் மூன்று இறக்கமும் என்ற விதியை நிறைவு செய்யச் சிலர் சிமுலேட்டருக்குப் போக வேண்டியிருக்கிறது. கையின் திறன் உருவாகும் முதல் ஐந்தாண்டில் எது நல்லது என்று கேட்டால், நான் தயங்காமல் அடிக்கடி இறங்கும் விமானத்தையே சொல்வேன். ஆனால் அதன் மறுபக்கமும் உண்மையானது. நான்கு ஐந்து குறும்பயணங்கள் முடித்த நாளின் களைப்பு, ஒரே நீண்ட பயணத்தின் களைப்பைவிடக் கடுமையாக இருப்பதுண்டு. மேலும் தானியங்கி முறைகளைக் கையாளும் பழக்கம் ஏ320-ல் முதல் நாளிலிருந்தே வரும்; பிற்காலத்தில் ஜெட்டுக்கு மாறும் ஏடிஆர் விமானி அதைப் புதிதாகக் கற்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர், குறிப்பாகத் தாய்மார், கேட்கிறார்கள். 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்காராவில் எதி ஏர்லைன்ஸின் ஏடிஆர் விழுந்து 72 பேர் இறந்தார்கள். இரண்டு எஞ்சின்களின் விசிறிகளைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்களும் தவறுதலாக, உந்துவிசையே இல்லாமல் போகும் ஃபெதர் நிலைக்கு நகர்த்தப்பட்டதே காரணம் என்று விசாரணை கண்டது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்து 260 பேரை இழந்தோம். விமானத்தின் அளவை வைத்துப் பாதுகாப்பை அளக்க முடியாது; நிறுவனத்தின் பயிற்சித் தரமும் ஓய்வு முறையும்தான் அளவுகோல்.

எல்லாவற்றையும்விட அதிகம் யோசிக்க வேண்டியது நிறுவனம் நிலைக்குமா என்பதைத்தான். தென்னிந்தியாவில் பிராந்திய விமானச் சேவையின் வரலாறு துயரமானது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2005-ல் எம்ப்ரேயர் விமானங்களோடு தொடங்கிய பாராமவுண்ட் ஏர்வேஸ் 2010-ல் நின்றது. பெங்களூருவிலிருந்து 2015-ல் ஏடிஆரோடு புறப்பட்ட ஏர் பெகாசஸ் அடுத்த ஆண்டே நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2017-ல் ஓய்ந்தது. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் 2018-ல் சென்னையையும் சேலத்தையும் இணைத்த ட்ரூஜெட் 2022-ல் பறப்பதை நிறுத்தியது. இவற்றுக்குப் பொதுவான காரணங்கள் வெளிப்படையானவை: ஐந்து பத்து விமானங்களை வைத்து நடத்தும்போது ஒரு விமானம் பழுதானாலும் அட்டவணை குலைகிறது, எரிபொருளும் குத்தகையும் டாலர் விலையோடு ஏறுகின்றன, உடான் மானியம் ஒரு வழித்தடத்துக்கு மூன்று ஆண்டு வரைதான், அது முடிந்ததும் அந்த வழித்தடம் தன் காலில் நிற்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் விழவில்லையா என்று கேட்கலாம். கிங்ஃபிஷர் 2012-ல், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றன. ஆயிரக்கணக்கானோர் மாதக்கணக்கில் சம்பளமின்றித் தவித்தார்கள். எனவே பெரியது என்பதற்காக ஒரு நிறுவனத்தைக் கண்ணை மூடி நம்ப முடியாது. ஆயினும் விழுந்த பிறகு நடந்ததில் வேறுபாடு இருந்தது. கோ ஃபர்ஸ்ட் நின்றபோது அதன் விமானிகள் ஏ320 ஓட்டியவர்கள். அந்த விமானத்தையே ஓட்டும் இண்டிகோவும் ஏர் இந்தியாவும் ஆள் தேடிக்கொண்டிருந்தன, பலர் விரைவில் வேறு நிறுவனத்தில் சேர்ந்தனர். ஏடிஆரையோ எம்ப்ரேயரையோ மட்டும் ஓட்டியவர், தன் நிறுவனம் மூடும்போது, நாட்டில் அந்த விமானம் வைத்திருக்கும் இரண்டு மூன்று நிறுவனங்களின் கதவைத்தான் தட்ட முடியும். ஒரு விமானியின் பாதுகாப்பு அவருடைய நிறுவனத்தில் மட்டுமன்றி, அவர் கையில் உள்ள டைப் ரேட்டிங்கை எத்தனை நிறுவனங்கள் விலைமதிக்கும் என்பதிலும் இருக்கிறது. இந்தியச் சந்தையில் ஏ320 இந்த ஒரு விஷயத்தில் வேறெந்த விமானத்தையும்விடப் பல மடங்கு உறுதியானது.

வளைகுடா வேலையை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். நம் மாவட்டத்தில் அந்த எண்ணம் இல்லாத குடும்பம் குறைவு. ஃப்ளைதுபாய் போயிங் 737-ஐயும், ஏர் அரேபியா ஏ320-ஐயும், எமிரேட்ஸ் அகன்ற உடல் விமானங்களையும் ஓட்டுகின்றன. அவற்றின் ஆள்சேர்ப்பு நிபந்தனைகளில் ஜெட் அனுபவத்துக்கே முதலிடம். ஏடிஆரில் கேப்டனாக இருந்த மணிநேரம் வீணாகிவிடாது, பொறுப்பேற்று ஓட்டிய அனுபவம் எங்கும் மதிக்கப்படும். என்றாலும் ஜெட்டுக்கு மாறும்போது பெரும்பாலும் மறுபடி வலப்பக்க இருக்கையில் சில காலம் அமர்ந்தே ஆக வேண்டும். முப்பத்தைந்து வயதில், கேப்டன் சம்பளத்துக்குப் பழகிய குடும்பத்தோடு, அந்த இறக்கத்தை ஏற்பது எளிதன்று. இருபத்தேழு வயதில் ஏற்பது எளிது.

வீட்டு வாழ்க்கையைப் பற்றி நம் ஊருக்கே உரிய சில செய்திகள் உண்டு. மாவட்டத்துக்குள் விமான நிலையம் இல்லாவிட்டாலும், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர்தான். மார்த்தாண்டத்தில் இருப்பவருக்கு இன்னும் பக்கம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005 ஏப்ரல் 29 அன்று தன் முதல் பயணத்தைத் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குத்தான் நடத்தியது, கேரளத்து நகரங்களில் அதற்கு இன்றும் பெரிய இருப்பு உண்டு. அம்மா அப்பாவோடு வீட்டிலிருந்தே பணிக்குப் போக வேண்டும் என்று விரும்பும் குமரி மாவட்டத்து விமானிக்கு, 737 ஓட்டும் அந்த நிறுவனத்தில் திருவனந்தபுரம் தளம் கிடைப்பதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. பிராந்தியச் சேவைகளின் தளங்கள் பெங்களூரு, ஹைதராபாத், டெல்லி, கோவா போன்ற இடங்களில் இருக்கின்றன. ஏடிஆர் விமானி இரவில் தன் தளத்துக்கே திரும்பிவிடும் நாட்கள் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தளம் நம் வீட்டிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தால் அதன் பயன் பாதியாகிறது.

இந்த இடத்தில் புதிய ஓய்வு விதிகள் உதவிக்கு வருகின்றன. 2025 ஜூலை முதல் வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரமாகியிருக்கிறது. இரவுப் பணியைக் கட்டுப்படுத்தி நவம்பரில் நடப்புக்கு வந்த அடுத்த கட்ட விதிகளுக்குப் போதிய விமானிகளைத் திரட்டாததால் 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ய நேர்ந்ததை நாடே பார்த்தது. பயணிகளுக்கு அது பெருந்துன்பம். வேலை தேடும் விமானிக்கு அது சொல்லும் செய்தி, விதியைக் கடைப்பிடிக்க இன்னும் ஆட்கள் வேண்டும் என்பதுதான். 48 மணி நேரம் என்றால் சென்னையைத் தளமாகக் கொண்டவர் எழும்பூரில் வந்தே பாரத் ஏறி நாகர்கோவில் வந்து, ஓரிரவு தங்கித் திரும்பலாம். இந்திய விமானிகளில் பெண்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. உலகின் சராசரியைப் போல் மூன்று மடங்கு. திருமணத்துக்குப் பின் மகள் இந்த வேலையைத் தொடர முடியுமா என்று கவலைப்படும் பெற்றோர், அட்டவணை முன்கூட்டித் தெரியும் நிறுவனமா, மகப்பேற்றுக்குப் பின் திரும்பப் பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்ளும் நடைமுறை உண்டா என்பவற்றை, ஜெட்டா ஏடிஆரா என்ற கேள்விக்கு முன்னரே விசாரித்தறிவது நல்லது.

இவ்வளவையும் வைத்து என் தீர்ப்பைச் சொல்கிறேன். பெரிய, நிதிநிலை உறுதியான நிறுவனத்தில் ஏ320 அல்லது 737 வாய்ப்பு இப்போதே கையில் இருந்தால் அதை ஏற்க வேண்டும். பிராந்திய அனுபவம் முதலில் வேண்டும் என்று அதைத் தள்ளிப்போட இந்தியாவில் காரணமே இல்லை. அதே நிறுவனம் ஏடிஆரில் இடம் தந்தால், ஜெட்டுக்காக ஆறு மாதம்கூடக் காத்திருக்காமல் அதையும் ஏற்க வேண்டும். கூரை ஒன்றே, உள்ளிருந்து மாறும் வாய்ப்பும் உண்டு, கையும் நன்றாகப் பழகும். சிறு பிராந்திய நிறுவனத்தின் வாய்ப்பு மட்டுமே கையில் இருக்கும்போதுதான் முடிவு கடினமாகிறது. கடன் பெரிதாக இருந்து, வேறு அழைப்பு எதுவும் நேர்முகத் தேர்வைத் தாண்டாத நிலையில், அந்த வாய்ப்பையும் ஏற்கவே சொல்வேன், ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு: நிறுவனம் அண்மைக் காலத்தில் சம்பளத்தைத் தாமதிக்காமல் கொடுத்திருக்க வேண்டும், பாண்டு மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. கடன் சிறிதாகவோ இல்லாமலோ இருப்பவர், வயதும் இருபத்துமூன்றுக்குள் என்றால், ஓராண்டு வரை ஜெட்டுக்குக் காத்திருக்கலாம். அதற்கு மேல் காத்திருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவற்றில், பாண்டு காலத்தையும் அறிவிப்புக் காலத்தையும் சேர்த்துப் படிப்பது முதன்மையானது. 2017-ல் டிஜிசிஏ வகுத்த விதிப்படி வேலையை விட்டு விலகத் துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஓராண்டும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றாயிற்று. மூன்று ஆண்டுப் பாண்டு முடிந்த பிறகுதான் அறிவிப்பே கொடுக்க முடியும் என்று ஒப்பந்தம் சொன்னால், உண்மையில் அது மூன்றரை ஆண்டு. கேப்டன் பதவி உயர்வோடு புதிய பாண்டு ஒன்று தொடங்குகிறதா என்பதையும் கேட்க வேண்டும். தொடங்கினால், ஏடிஆரில் சீக்கிரம் கேப்டனாகி அந்த மணிநேரத்தோடு ஜெட்டுக்குப் போவேன் என்ற திட்டம் மேலும் சில ஆண்டுகள் தள்ளிப்போகும். மருத்துவக் காரணத்தால் உரிமத்தை இழந்தால் இழப்பீடு தரும் காப்பீடு உண்டா, பாண்டுக்கு ஈடாகத் தேதியிடாத காசோலைகள் கேட்கிறார்களா, நிறுவனம் சம்பளம் தராமல் நின்றால் பாண்டு தானாகவே செல்லாததாகுமா ஆகிய மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கி, நாகர்கோவிலில் உள்ள ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே பேனாவை எடுங்கள். அந்தப் பாண்டில் ஜாமீன்தாரராகப் பெரும்பாலும் தந்தையே கையெழுத்திடுவார் என்பதால், வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது அவரும் உடன் இருப்பது நல்லது.